லீடர் பழக்கிய தைரியம்

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் வாசலில் எங்கள் கம்பெனி வேன் காத்திருக்கும். அத்திப்பட்டிலிருந்து வரும் ரயிலில் லீடர் வந்து இறங்குவாள். எதிர்ப்பக்கம் ஆரம்பாக்கத்திலிருந்து நான் வருவேன். வேன் கிளம்பியதும் டிபன் பையை மடியில் இறுக்கிக்கொண்டு, டிக்கெட் போடும் கண்டக்டரைப் போல முன் சீட்டிலிருந்து ஒவ்வொருத்தியாகக் கேட்டுக்கொண்டே வருவாள்.

"இன்னிக்கு இன்னா பயப்படப் போற?"

இதுதான் அவளுடைய குட்மார்னிங். யாரும் தப்பிக்க முடியாது. ஒருத்தி தெருமுனை நாய் என்பாள், ஒருத்தி மாமியார் என்பாள், இன்னொருத்தி ஏ.டி.எம். மெஷின் கார்டை முழுங்கிவிடும் என்பாள். எதைச் சொன்னாலும் அவள் சிரிக்க மாட்டாள். நாய்க்குப் பயந்தவளிடம், இன்றைக்கு அதைத் தாண்டிப் போகவே வேண்டாம், தெருவுக்கு இந்தப் பக்கம் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்தால் போதும் என்றாள். மறுநாள் இன்னும் நாலு எட்டு கிட்டே. அடுத்த வாரம் டீக்கடையில் ஒரு பொறை வாங்கித் தூரத்திலிருந்து போடச் சொன்னாள். கொஞ்ச நாளில் அந்த நாய் அந்தப் பெண்ணை ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுவந்து விட ஆரம்பித்துவிட்டது. அதற்கப்புறம் அதை எப்படித் துரத்துவது என்பது அவளுடைய கவலையாகிவிட்டது.

எங்கள் லைனுக்கு அவள்தான் லீடர். வேனிலும் கேன்டீனிலும் எல்லாருக்கும் அவள் லீடர்தான். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவள். ஆள் குள்ளம், கம்பெனி கொடுத்த நீலக் கோட்டு அவளுக்கு முழங்காலைத் தாண்டித் தொங்கும். மடித்துத் தைத்துக்கொள்ளேன் என்று சொன்னால், நான் இன்னும் வளர்ந்துவிடுவேன், அப்புறம் யார் பிரிப்பது என்பாள். நாஷ்டாவை அவள் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. இட்லி ஒரு கையிலும் கேள்வி வாயிலுமாக நடந்துகொண்டே இருப்பாள்.

தனக்குப் பயம் என்று சொல்லிக்கொள்ளவும் அவள் வெட்கப்பட்டதில்லை. பல்லி என்றால் அவளுக்கு உயிரே போய்விடும். எங்கள் ஸ்டோர் ரூமில் ட்யூப்லைட்டுக்குப் பின்னால் பெரிய பல்லி ஒன்று குடியிருந்தது. தினமும் டீ டைமில் கதவைத் திறந்து, உள்ளே ஒரு அடி எடுத்து வைத்து, கண்ணை மூடாமல் நின்றுவிட்டு வருவாள். வெளியே வரும்போது நெற்றியெல்லாம் வேர்த்திருக்கும். நாங்கள் சிரிப்போம், அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள், மறுநாள் மறுபடியும் போவாள். கடைசியில் ஒருநாள் அந்த ட்யூப்லைட்டுக்கு நேர் கீழே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து டீ குடித்தாள். அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. அது பொய்யான சந்தோஷமாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டம் இல்லை.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவளே சொன்னாள். அவள் வாழ்க்கைப்பட்டது செவ்வாப்பேட்டையில். புருஷன் அடிப்பான். வாசலைத் தாண்டினால் காலை ஒடித்துவிடுவேன் என்று சொல்லி வைத்திருந்தான். அடியைவிட அந்த வாசல்தான் பயமாக இருந்ததாம். ஒருநாள் அவன் வேலைக்குப் போன பிறகு கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருக் குழாய் வரைக்கும் போய்த் திரும்பினாள். அவ்வளவுதான். அப்புறம் மளிகைக் கடை வரைக்கும். அப்புறம் ஸ்டேஷன் ரோடு. அதற்கப்புறம் பிளாட்பாரம். பிளாட்பாரத்தில் ரொம்ப நாள் நின்றிருக்கிறாள். ரயில் வரும், கதவுக்குக் கிட்டே போவாள், ரயில் போய்விடும், இவள் வீட்டுக்குத் திரும்பிப் போய் உலை வைப்பாள். அப்படி ஒருநாள் ரயில் கிளம்பியபோது குழந்தையோடு அதற்குள் இருந்தாள்.

"ஏறினதே எனக்குத் தெரியலக்கா. காலு பழகிப் போச்சு, அதுவா ஏறிக்கிச்சு," என்றாள்.

அத்திப்பட்டில் அம்மா வீட்டுக்கு வந்து, மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து, இந்த வேலையைப் பிடித்திருக்கிறாள். மகளைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவள் குரல் தணிந்துவிடும்.

என்னுடைய பயமெல்லாம் வாயில்தான் இருந்தது. என் அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். பெரிய ஆட்கள் எதிரே வந்தால் வரப்பை விட்டு இறங்கி நிற்கப் பழகியவர்கள். நான் தொழிற்சாலைக்கு வந்தேன், என்னோடு அந்தப் பழக்கமும் வந்தது. சூப்பர்வைசர் பக்கத்தில் வந்தாலே நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். ஒரு தடவை நான் வேலை செய்த நாளுக்கே லீவு போட்டுவிட்டார்கள். கேட்கப் பயந்துகொண்டு சும்மா இருந்துவிட்டேன்.

லீடர் விடவில்லை. முதல் நாள் ஆபீஸ் வாசலில் போய் குட்மார்னிங் மட்டும் சொல்லிவிட்டு வரச் சொன்னாள். அடுத்த நாள், சாப்டீங்களா சார். அந்த மனுஷன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பார்க்காவிட்டால் என்ன, நீ சொன்னாயா இல்லையா என்றாள். கண்ணைப் பார்க்கப் பயமாக இருந்தால் மூக்குத்தண்டைப் பார், அவருக்கு வித்தியாசம் தெரியாது என்றாள். காலைக் கொஞ்சம் அகட்டி வை, கையைக் கட்டாதே, சும்மா தொங்கவிடு. வேனிலேயே ஒத்திகை நடந்தது. அவள் சூப்பர்வைசராக நடித்து என்னை விரட்டுவாள், நான் பதில் சொல்ல வேண்டும், மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஒரு வாரம் போனதும் நான் நிஜமாகவே உள்ளே போய், அன்றைக்கு நான் வந்திருந்தேன் சார் என்று சொன்னேன். அவர் பார்த்துவிட்டு, சரிம்மா மாத்திடறேன் என்றார். ஒரு நிமிஷ வேலை. வெளியே வந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

எங்கள் ஊர் சர்ச்சில் வேதபாடம் வாசிக்கப் பாஸ்டர் பல தடவை கூப்பிட்டும் நான் எழுந்ததே கிடையாது. அதுவும் அவள் காதுக்குப் போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தலை நிறைய மல்லிகைப்பூவும் நெற்றியில் பொட்டுமாக ரயிலேறி ஆரம்பாக்கத்துக்கு வந்து, எங்கள் பெண்களோடு முன்வரிசைப் பாயில் உட்கார்ந்துகொண்டாள். நான் எழுந்து வாசித்தேன். ரெண்டு இடத்தில் தடுமாறினேன். புரிந்ததோ இல்லையோ, ஒவ்வொரு வசனத்துக்கும் அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். ஆராதனை முடிந்து என் வீட்டில் மீன் குழம்பு சாப்பிட்டாள். அந்தப் பெண் யார் என்று பாஸ்டர் கேட்டபோது, என் தங்கச்சி என்றேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி மெஷின் கதைக்கு வர வேண்டும். எங்கள் கம்பெனியில் கார்களுக்கான சின்னச் சின்னத் தகட்டு சாமான்கள் செய்தோம். பவர் பிரஸ் என்று ஒரு மெஷின். தகட்டை அச்சுக்குள் வைத்துவிட்டு, இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக இருக்கிற இரண்டு பட்டன்களையும் ஒரே நேரத்தில் அமுக்க வேண்டும். அப்போதுதான் மேலிருந்து அந்தப் பெரிய இரும்பு இறங்கும். இரண்டு கையும் பட்டன் மேல் இருந்தால் ஒரு கைகூட உள்ளே இருக்க முடியாது அல்லவா, அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. முதல் முறை அந்த இரும்பு இறங்கிய சத்தத்தில் நான் இரண்டு எட்டு பின்னால் போய்விட்டேன். லீடர் என்னைச் சில நாள் பக்கத்தில் சும்மா நிற்க வைத்தாள். அப்புறம் மெஷினை நிறுத்தித் தொட வைத்தாள். அப்புறம் ஒரே ஒரு தகடு. வருஷம் முடிவதற்குள் நான் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினேன்.

பிறகு மேலிருந்து நெருக்கடி வந்தது. தினமும் அடிக்கிற பீஸ் எண்ணிக்கை கூட வேண்டும் என்றார்கள். எப்படி என்று யாரும் சொல்லவில்லை. வழியைக் கண்டுபிடித்தது லீடர். ஒரு பட்டனை அமுக்கியபடியே எலக்ட்ரீஷியன் வைத்திருக்கும் கறுப்பு டேப்பை இறுக்கிச் சுற்றிவிட்டால், மிச்சமிருக்கிற ஒரு பட்டனை ஒரு கையால் தட்டினாலே இரும்பு இறங்கும். இன்னொரு கை தகட்டை வைத்து எடுத்துக்கொண்டே இருக்கலாம். பழைய மெஷின்கள், அவற்றுக்கு இந்த ஏமாற்று வேலையைக் கண்டுபிடிக்கத் தெரியாது. வேலை சரசரவென்று ஓடியது.

எனக்குப் பழைய பயம் திரும்பி வந்தது. கை உள்ளே இருக்கும்போது தட்டிவிட்டால் என்ன ஆவது என்று கேட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. நேராகத் தன் மெஷினில் டேப்பைச் சுற்றி, ஷிப்ட் முழுக்க எங்கள் கண் முன்னால் ஓட்டிக் காட்டினாள். முடித்துவிட்டு இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

"நாய்க்குப் பயந்த, சாருக்குப் பயந்த. இதுவும் அதே பயம்தான்க்கா. பழகினா போயிடும்."

பழகினோம். பயமும் போய்விட்டது. அந்த மெஷினில் எங்கள் கைக்கு மிஞ்சியிருந்த ஒரே காவல் அந்தப் பயம்தான் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியிருக்குமா என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். தோன்றவில்லை என்றால் அவள் பாவம். தோன்றியும் செய்திருந்தால் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கவிதா மட்டும் பழகவில்லை. எளாவூர்ப் பெண், கல்யாணம் ஆகாதவள், வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. டேப் சுற்றிய மெஷினில் உட்காரும்போதெல்லாம் கண் கலங்கிவிடும். என்னை பேக்கிங்குக்கு மாற்றிவிடுங்கள் என்று லீடரிடம் கெஞ்சினாள். பேக்கிங்கில் ஆள் தேவையாகவும் இருந்தது. லீடர் மாட்டேன் என்றாள். பாதியில் விட்டால் பயம் இரண்டு மடங்காகத் திரும்பி வரும் என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, தன் தங்கைக்குச் சொல்வது போலத்தான் சொன்னாள். தினமும் கவிதாவுக்குப் பக்கத்தில் நின்று, தோளில் கை வைத்து, இன்னும் ஒரு தகடு, இன்னும் ஒரு தகடு என்று பழக்கினாள். கவிதாவின் அழுகை நின்றது. எங்கள் எல்லாரையும்விட வேகமாக ஓட்ட ஆரம்பித்தாள். லீடருக்கு அதில் ரொம்பப் பெருமை.

அது நடந்தது ஒரு காலை ஷிப்ட்டில், டீ டைமுக்குக் கொஞ்சம் முன்னால். கவிதாவின் மெஷினில் அச்சுக்குள் தகடு கோணலாக உட்கார்ந்திருக்கிறது. வலது கையால் அதை நேர் செய்யப் போயிருக்கிறாள். பழகிப்போன இடது கை அதற்குள் பட்டனைத் தட்டிவிட்டது.

கவிதா கத்தவில்லை. ஒரு மெஷின் சத்தம் நின்றுபோனதுதான் எனக்குக் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அவள் தன் வலது கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ரத்தம் கோட்டில் வழிகிறது. எல்லாருக்கும் முன்னால் ஓடி வந்தது லீடர்தான். வந்தவள் முதலில் கவிதாவைப் பிடிக்கவில்லை. பட்டனில் சுற்றியிருந்த டேப்பைப் பிய்த்துத் தன் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டாள். அப்புறம்தான் கவிதாவைத் தாங்கிப் பிடித்தாள்.

நான் பார்த்தேன். நாலு எட்டு தள்ளி நின்று பார்த்தேன்.

அதற்குப் பிறகு அவள் செய்ததில் ஒரு குறை சொல்ல முடியாது. தன் துப்பட்டாவைக் கிழித்துக் கையைக் கட்டினாள், வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள், அங்கேயே இருந்தாள். கவிதாவுக்கு நடுவிரலும் மோதிர விரலும் போயின. தினமும் வேலை முடிந்ததும் லீடர் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தப் பெண்ணுக்குச் சோறு ஊட்டிவிட்டு, தலை வாரிவிட்டு, அப்புறம்தான் வீட்டுக்குப் போனாள். விபத்து நடந்த அன்று நாங்கள் அந்த வேன் பின்னால் கேட் வரைக்கும் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் மற்ற மெஷின்களில் இருந்த டேப்புகளும் காணாமல் போயிருந்தன. யார் எடுத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

வேனில் அவளுடைய வழக்கமான கேள்வி நின்றுவிட்டது. வேறு ஒன்று ஆரம்பித்தது. கம்பெனியின் பெரிய ஆபீசர்கள் வந்து விசாரிக்கப் போகிறார்கள், எல்லாருக்கும் பயமாகத்தான் இருக்கும், அதனால் பேசிப் பழகிக்கொள்ள வேண்டும் என்றாள். பேச வேண்டியதையும் அவளே சொல்லிக் கொடுத்தாள். இரண்டு பட்டனும் வேலை செய்தது, டேப் எதையும் நான் பார்க்கவில்லை. முதல் நாள் எல்லாரும் அதை முணுமுணுத்தால் போதும் என்றாள். மறுநாள் கொஞ்சம் சத்தமாக. அப்புறம் அவளே ஆபீசராக மாறிக் குறுக்குக் கேள்வி கேட்டாள். ஆரம்பத்தில் சொல்ல முடியாமல் அழுதவர்கள்கூட அந்த வாரக் கடைசியில் வாய்ப்பாடு ஒப்பிப்பது போலச் சொன்னார்கள். எந்த சீட்டுகளில் உட்கார்ந்து எனக்கு உண்மையைச் சொல்லப் பழக்கினாளோ அதே சீட்டுகளில் இது நடந்தது. என்னிடம் மட்டும் அவள் ஒத்திகை கேட்கவில்லை. உன்னைப் பற்றி எனக்குக் கவலை இல்லை என்றாள்.

ஸ்டேஷனில் அவளைத் தனியாகப் பிடித்தேன். டேப்பை அவள் பிய்த்ததைப் பார்த்தேன் என்று சொன்னேன். அவள் மறுக்கவில்லை. தப்பைக் கவிதா மேல் போட்டால் அவளை வீட்டுக்கு அனுப்பாமல் பேக்கிங்கில் வைத்துக்கொள்வதாக மேலே சொல்லிவிட்டார்கள், அதனால் யாருக்கும் நஷ்டம் இல்லை என்றாள். டேப் விஷயம் வெளியே வந்தால் முதலில் போகிற தலை தன்னுடையதுதான் என்றாள்.

"வேலை போனா அம்மாவால என்னையும் கொழந்தையையும் வெச்சுக் காப்பாத்த முடியாதுக்கா. நான் திரும்ப செவ்வாப்பேட்டைக்குத்தான் போவணும். அவன் அங்கயேதான் கீறான்."

அன்றைக்கு எனக்குத் தூக்கம் இல்லை. ஒரு பக்கம் அவளும் அவள் குழந்தையும். இன்னொரு பக்கம், விரலையும் பறிகொடுத்துவிட்டு, அதற்கு நானேதான் காரணம் என்று ஆயுசுக்கும் சுமக்கப் போகிற கவிதா. நான் எந்தப் பக்கம் பேசினாலும் ஒரு பெண்ணின் வாழ்க்கை போகும்.

விசாரணை மாடியில் மீட்டிங் ரூமில் நடந்தது. எங்கள் எல்லாரையும் சுவரோரமாக நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். முதலில் லீடர் எழுந்தாள். சொல்லிக் கொடுத்ததையெல்லாம் தானும் சொன்னாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆபீசர் கவிதாவைப் பற்றிக் கேட்டதும் இப்படிச் சொன்னாள்:

"பயமே இல்லாத பொண்ணு சார் அது. பாத்து வேலை செய்யின்னு எவ்ளவோ சொன்னேன், கேக்கல."

எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது. அழுது அழுது பேக்கிங்குக்குப் போகிறேன் என்று கெஞ்சிய பெண். பயத்தைத் தினம் ஒரு பிடியாக அவளிடமிருந்து பிடுங்கி எடுத்ததே இவள். பிடுங்கி எடுத்துவிட்டு, அது இல்லையே என்று குற்றம் சொல்கிறாள். அதுவரைக்கும் இரண்டு மனதாக இருந்த நான் அந்த நிமிஷத்தில் முடிவு செய்தேன்.

மற்றவர்கள் வரிசையாக ஒப்பித்தார்கள். என் முறை வந்தது. எழுந்தேன். ஆபீசரின் மூக்கும் தெரியவில்லை, முகமும் தெரியவில்லை. மேஜையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, டேப் இருந்தது, எல்லா மெஷினிலும் இருந்தது, என்னுடையதிலும் இருந்தது, விபத்து நடந்ததும் லீடர் அதைப் பிய்த்ததை என் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னேன். குரல் நடுங்கி, பாதி வார்த்தை வெளியே வந்ததா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை. லீடர் என்னைப் பார்க்கவில்லை.

ஆபீசர் கவிதாவை உள்ளே கூப்பிட்டார். கழுத்தில் துணி கட்டிக் கையைத் தொங்கவிட்டபடி வந்தாள். அவள் வந்து நின்றதைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. கால் கொஞ்சம் அகட்டியிருந்தது. நல்ல கை சும்மா தொங்கியது. பார்வை ஆபீசரின் இரண்டு கண்ணுக்கும் நடுவில் நின்றது.

"என் தப்புதான் சார். நானாதான் கைய உள்ள வுட்டேன். டேப்பு எதுவும் இல்ல."

ஒரு நடுக்கம் இல்லை. ஒரு திணறல் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் சோறு ஊட்டிக்கொண்டே லீடர் எத்தனை நாள் பழக்கியிருப்பாள் என்று நினைத்தேன். யாருக்காக நான் எழுந்து நின்றேனோ அவளே என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டுப் போனாள். ஆபீசர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, உட்காரும்மா என்றார்.

மாடிப்படியில் லீடர் எனக்காகக் காத்திருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"உன்ன வாயத் தொறக்க வெச்சவ நானு. என்னாண்டயே காட்டிட்ட இல்ல? கூடப் பொறந்தவன்னு நெனச்சுக்கினு இருந்தேன்க்கா உன்ன."

அவள் நடிக்கவில்லை. நான் துரோகம் செய்துவிட்டதாக உண்மையாகவே நம்பினாள். எனக்கும் அதே வார்த்தைதான் வாயில் இருந்தது. நானும் அவளைக் கூடப் பிறந்தவளாகத்தான் நினைத்திருந்தேன். எனக்குக் கொடுத்த தைரியத்துக்கு அவள் மனதில் ஒரு எல்லைக்கோடு போட்டு வைத்திருந்தாள், அந்தக் கோட்டில் அவளே நின்றுகொண்டிருந்தாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவளைத் தாண்டி இறங்கி வந்துவிட்டேன். அந்த மாதத்தோடு என் கான்ட்ராக்ட் முடிந்தது என்று சொல்லிவிட்டார்கள். இப்போது அதே தொழிற்பேட்டையில் வேறொரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்குகிறேன்.

கவிதாவை பேக்கிங்கில் வைத்துக்கொண்டார்கள். பேச்சு ஆறும் வரைக்கும் வைத்திருந்துவிட்டு, கை வேகம் போதவில்லை என்று அவளையும் அனுப்பிவிட்டார்கள். லீடரை வேறு பிரிவுக்கு மாற்றி, இன்னும் பெரிய லைனைக் கொடுத்தார்கள். இதையெல்லாம் கவிதாவே என் வீட்டு வாசலில் வந்து நின்று சொன்னாள். அன்றைக்கு அவள் பேசிய பேச்சுக்குக் கதவைச் சாத்தியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. அவளுடைய கையைப் பார்த்தேன். உள்ளே வா என்றேன். போகிற எல்லா கம்பெனியிலும், உன் கவனக்குறைவால்தானே விரல் போனது என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறார்களாம். உண்மையைச் சொல்ல வேண்டும், எங்கே போய்ச் சொல்வது என்று கேட்டாள்.

விசாரித்துக்கொண்டு அவளைத் திருவள்ளூருக்கு அழைத்துப் போனேன். தொழிற்சாலை விபத்துகளைக் கவனிக்கிற அரசு அலுவலகம் ஒன்று இருக்கிறது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதே அவளுக்கு உடம்பெல்லாம் உதறியது. என்னால் சொல்ல முடியாது, வீட்டுக்குப் போய்விடலாம் என்றாள். லீடராக இருந்தால் இன்றைக்கு வாசல் வரைக்கும் வந்ததே போதும், நாளைக்கு உள்ளே போகலாம் என்று சொல்லியிருப்பாள். எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

"பயமா இருந்தா பயந்துகினே சொல்லு. நடுங்கினா நடுங்கட்டும். அவங்க பாக்கட்டும்."

பயந்துகொண்டே சொன்னாள். நடுவில் பேச்சு வராமல் நின்றாள், அழுதாள், தண்ணீர் கேட்டுக் குடித்தாள், மறுபடியும் சொன்னாள். அன்றைக்கு அந்த மீட்டிங் ரூமில் அவளை நம்பியவர்களைவிட இங்கே எங்களிடம் விசாரித்த ஆபீசர் அம்மா அவளை அதிகமாக நம்பினார் என்று எனக்குத் தோன்றியது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, டேப்பைச் சுற்றச் சொன்னது யார் என்று கேட்டார். கவிதா தலையைக் குனிந்துகொண்டாள். அந்த ஒன்று மட்டும் அவள் வாயில் வரவில்லை. நான்தான் சொன்னேன். பெயரை இனிஷியலோடு சொன்னேன். எந்த ஊர் என்று கேட்டார், அதையும் சொன்னேன். பீஸ் கூட வேண்டும் என்று மேலிருந்து நெருக்கியவர்களின் பெயர்களையும் சொன்னேன். இனி விசாரிப்பார்கள், அவளையும் கூப்பிடுவார்கள், அவளால் இதிலிருந்து தப்ப முடியாது என்று எனக்குத் தெரியும்.

திரும்பி வரும் பஸ்ஸில் கவிதா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். வெயில் படாமல் கையைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"வேலை போச்சின்னா அவங்க கொழந்தையத் தூக்கிக்கினு எங்கக்கா போவாங்க?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கவிதா மேல் இல்லை. இவ்வளவு செய்த பிறகும், விரல் போனவளையும் வேலை போனவளையும் ஒரே சீட்டில் உட்கார்ந்து தனக்காகக் கவலைப்பட வைத்துவிட்டாளே, அந்த லீடர் மேல்.